நிற்கிற விமானத்தில் வண்டி எப்படி மோதுகிறது?

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாரிஸில் இருக்கும் அவருடைய அக்கா குடும்பம் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வருவதற்காக, வளைகுடா வழியாகக் கொழும்புக்கு ரிக்கற் போட்டிருந்தது. நடுவில் மாறி ஏற வேண்டிய விமானம் சும்மா நின்றுகொண்டிருந்தபோது, சாமான் ஏற்றும் வண்டி ஒன்று அதில் உரசிவிட்டதாம். விமானத்தை மாற்றி, ஆட்களை ஹோட்டலில் தங்கவைத்து, அடுத்த நாள்தான் அனுப்பியிருக்கிறார்கள். பொங்கல் தவறிவிட்டது. "அவ்வளவு பெரிய வெளி, அவ்வளவு பெரிய விமானம், அதுவும் அசையாமல் நிற்கிறது. அதில் போய் எப்படி இடிக்கிறார்கள்? ஒரு சின்ன நெளிவுக்கு ஏன் இத்தனை மணித்தியாலம்? அக்காவுக்கு நட்டஈடு கிடைக்குமா?" என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: அவருடைய மச்சான் வளைகுடா விமான நிலையம் ஒன்றில் சாரதி வேலைக்குப் போக நிற்கிறார், அவருக்கு என்ன சொல்லலாம் என்று.

வளைகுடாவில் பல வருடம் விமானம் நிற்கும் தளத்தில், நாங்கள் ராம்ப் என்று சொல்லும் இடத்தில், வேலை செய்துவிட்டு இப்போது பரந்தனில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

மோதல் என்றதும் யாரோ கண்மண் தெரியாமல் ஓட்டி வந்து இடித்திருப்பார் என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பது குறைவு. பெரும்பாலான சேதம், ஆள் நடந்து போகிற வேகத்தில், கடைசி ஒரு மீற்றரில் நடக்கிறது. ஏனென்றால் இந்த வண்டிகளின் வேலையே விமானத்துக்குக் கிட்டப் போவதுதான். வீதியில் ஓடுகிற சாரதிக்கு மற்ற வாகனத்தை விட்டு விலகி ஓடுவது பழக்கம். ராம்பில் விலகி நின்றால் வேலை நடக்காது. சாமானை ஓடும் பட்டியில் மேலே ஏற்றுகிற பெல்ட் லோடரின் நுனி சாமான் கதவின் விளிம்புக்கு ஒரு சாண் தூரத்திலாவது போய் நிற்க வேண்டும். சாப்பாட்டு லொறியின் மேல்தட்டு கதவோடு ஒட்டியது போல நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இடைவெளியில் ஆள் விழுந்துவிடுவார். கிட்டப் போ, ஆனால் தொடாதே. இதை ஒரே வேலைமுறையில் பத்து இருபது தடவை, வெவ்வேறு விமானத்துக்கு, இரவில், சில நேரம் மழையில் செய்ய வேண்டும்.

அடுத்தது கூட்டம். தூரத்தில் இருந்து பார்க்க வெளியாகத் தெரியும். ஆனால் ஒரு பெரிய விமானம் வந்து நின்று எஞ்சின் அணைந்ததும் அதைச் சுற்றி வருகிற வண்டிகளைப் பாருங்கள்: படிக்கட்டு வண்டி, பயணிகள் பஸ், முன்னுக்கும் பின்னுக்கும் கொள்கலன் ஏற்றுகிற ஹைலோடர்கள், பெல்ட் லோடர், டோலி என்கிற சாமான் பெட்டிகளை இழுத்து வருகிற ட்ராக்டர்கள், எரிபொருள் வண்டி, தண்ணீர் வண்டி, கழிவறை வண்டி, சாப்பாட்டு லொறிகள், துப்புரவு வண்டி, மின்சாரம் கொடுக்கிற வண்டி, குளிர்காற்று வண்டி, கடைசியாக விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுகிற பெரிய டக் வண்டி. எல்லாம் ஒரு இறக்கைக்கும் மற்ற இறக்கைக்கும் இடைப்பட்ட நிலத்துக்குள். எல்லாவற்றுக்கும் அந்தரம். சிறிய விமானம் என்றால் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலத்தில் திரும்பப் புறப்பட வேண்டும். தாமதமானால் யாருடைய வண்டியால் தாமதம் என்று நிமிடக் கணக்கில் எழுதிவைப்பார்கள். அந்த எழுத்துக்குப் பயந்துதான் நிறையப் பேர் குறுக்கே வெட்டி ஓட்டுகிறார்கள்.

சாமான் டோலி விஷயம் வன்னி ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. உழவு இயந்திரத்தில் பெட்டி கொழுவி வளைவில் திருப்பியவர்களுக்குத் தெரியும்: தலை தப்பினாலும் பெட்டி உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வந்து கதியால் வேலியில் கொழுவும். இங்கே ஒரு பெட்டிக்குப் பதிலாக நாலு பெட்டி வரிசையாக வருகிறது, வேலிக்குப் பதிலாக எஞ்சினின் வெளிக்கூடு நிற்கிறது. சாரதி முன்னே பார்த்து ஓட்டிக்கொண்டு போவார். கடைசி டோலி என்ன செய்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

உயரமும் ஏமாற்றும். லொறியின் கபினில் இருப்பவர் கதவைத்தான் பார்ப்பார். தன் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கூரையோ கைப்பிடிக் கம்பியோ இறக்கையின் அடியைத் தொடப்போவது கண்ணில் படாது. இதற்காகத்தான் இறக்கைக்குக் கீழே ஓடக் கூடாது, பின்னுக்கு எடுக்கும்போது கீழே ஒருவர் நின்று கை காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. கை காட்ட ஆள் இல்லாத இரவுகள்தான் அதிகம்.

"அசையாமல் நிற்கிறது" என்று சொன்னீர்களே தம்பி, அதுவும் முழுக்கச் சரியில்லை. எரிபொருளும் சாமானும் ஏற ஏற விமானம் கீழே இறங்கும். சாமானை இறக்க இறக்க மேலே எழும்பும். சக்கரத்தின் அதிர்வு தாங்கி அழுந்தி விரிவதால் இப்படி நடக்கிறது. அந்த அசைவைக் கவனிக்காமல் படிக்கட்டைக் கதவுக்குக் கீழே நெருக்கி வைத்துவிட்டால், விமானம் இறங்கும்போது திறந்திருக்கும் கதவு படிக்கட்டின் தட்டில் போய் உட்கார்ந்துவிடும். யாரும் எதையும் ஓட்டவில்லை, ஆனால் கதவின் பிணையல் வளைந்துவிட்டது. பயணிகள் நடந்து போகிற பாலங்களில் இதற்காகவே உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். அது வேலை செய்யாத நாளில் இதே கதைதான்.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் சாமான் கொள்கலன் அலுமினியப் பெட்டிதான். பிரேக் போடாத டோலியும் பூட்டாத கொள்கலனும் பலத்த காற்றில் தாங்களாகவே ஓடிப் போய் விமானத்தில் முட்டும். பக்கத்து விமானத்தின் எஞ்சின் காற்றே போதும். சில நேரம் மனித வேகமும் இல்லை, காற்றும் இல்லை, வெறும் துரதிர்ஷ்டம். 2019 செப்டம்பர் 30 அன்று சிக்காகோவின் ஓ'ஹெயார் விமான நிலையத்தில் குடிபான வண்டி ஒன்றில் தண்ணீர்ப் பெட்டி சரிந்து அக்சிலரேற்றர் மேல் விழுந்தது. ஆள் இல்லாத வண்டி நின்ற இடத்திலேயே வட்டம் அடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் நின்ற விமானத்துக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தது. ஒரு ஊழியர் இன்னொரு வண்டியைக் கொண்டுபோய் அதன்மேல் மோதிக் கவிழ்த்து நிறுத்தினார். வீடியோவை உலகமே பார்த்துச் சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இருக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் வைத்து ஓட்டாத சாரதியை நான் பார்த்ததே இல்லை.

இதெல்லாம் தூரதேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் இந்தியாவிலேயே மூன்று சம்பவங்கள் நன்றாக அறியப்பட்டவை. 2015 டிசம்பர் 22 அதிகாலையில் கொல்கத்தாவில் ஜெட் ஏர்வேஸின் பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்த ஏர் இந்தியாவின் ஏடிஆர் என்கிற சிறிய விசிறி விமானத்தின் எஞ்சினுக்குக் கீழே போய்ச் செருகிக்கொண்டது. சாரதி கண்ணயர்ந்துவிட்டதாக அப்போது செய்திகள் வந்தன. 2022 ஓகஸ்ட் 2 அன்று டெல்லியில் கோ ஃபர்ஸ்ட் நிறுவனத்தின் கார், இண்டிகோ விமானத்தின் மூக்குக்குக் கீழே புகுந்து, முன்சக்கரத்தில் முட்ட ஒரு கை இடைவெளி இருக்கும்போது நின்றது. 2025 ஏப்ரல் 18 அன்று பெங்களூரில் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வான், ஓடாமல் நிறுத்தி வைத்திருந்த இண்டிகோ விமானத்தின் அடிப்பாகத்தில் மோதி, வானின் கூரை நசுங்கியது. மூன்றையும் பாருங்கள்: மூன்றிலும் விமானத்துக்குச் சேவை செய்யப் போன வண்டி அல்ல, கடந்து போன வண்டி. இது வேறு வகை. மேலே சொன்ன கடைசி மீற்றர்த் தவறு கைத்தவறு என்றால், இது களைப்பும் கவனமும் சம்பந்தப்பட்டது. கொல்கத்தாவில் நடந்த நேரத்தைக் கவனியுங்கள். விடியப் போகிற நேரம்தான் இரவு வேலைக்காரனுக்கு மோசமான நேரம். வளைகுடாவின் பெரிய நிலையங்களில் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் விமானங்கள் அலையலையாக வந்து குவியும்.

எங்களுக்குக் கிட்ட உள்ள பலாலியில் இந்த ஆபத்து ஏன் குறைவு என்றும் சொல்லிவிடுகிறேன். 2019இல் சர்வதேச நிலையமாகத் திறந்ததில் இருந்து அங்கே சென்னைக்குப் போய்வருவது பெரும்பாலும் ஏடிஆர் 72. அதன் பயணிகள் கதவு பின்பக்கத்தில், படிக்கட்டு கதவோடேயே மடிந்து வருகிறது. சாமான் கதவு முன்னுக்கு, ஆள் உயரத்துக்குக் கிட்ட. படிக்கட்டு வண்டி வேண்டாம், ஹைலோடர் வேண்டாம். வண்டி குறைந்தால் மோதலும் குறையும், அவ்வளவுதான். அங்கே கவலைப்பட வேண்டியது விசிறிதான். ஏடிஆரில் வலது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அதன் விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைக்கிற வசதி உண்டு. சத்தம் கேட்கும், விசிறி சுற்றாது. ஏறுகிற ஆட்கள் அதைப் பார்த்துக் குழம்புவார்கள்.

சரி, சின்ன நெளிவுக்கு ஏன் இத்தனை மணித்தியாலம்?

விமானத்தின் உடல் தோல் பல இடங்களில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்புத்தான். 35,000 அடி உயரத்தில் வெளியே காற்று மிகவும் ஐது, உள்ளே நாங்கள் மூச்சுவிடுகிற காற்றை அடைத்து வைத்திருக்கிறோம். அந்த வித்தியாசம் சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறத்தாழ 6 தொன் விசையோடு வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு பறப்பிலும் ஒருமுறை ஊதி, ஒருமுறை அடங்குகிறது. இந்தத் தோலில் கூர்மையான மடிப்போ கீறலோ விழுந்தால், விசை முழுக்க அந்தக் கோட்டில் போய்ச் சேரும்.

2005 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் சியாற்றிலில் நடந்ததை ராம்ப் பயிற்சி வகுப்புகளில் இன்றும் சொல்வார்கள். அலாஸ்கா ஏர்லைன்ஸின் எம்டி 83 விமானம், பறப்பு இலக்கம் 536, பேர்பாங்க் போகப் புறப்படத் தயாராக நின்றது. சாமான் வேலை செய்த ஒருவர் வண்டியால் அதன் பக்கவாட்டில் இடித்துவிட்டு ஒருவருக்கும் சொல்லவில்லை. விமானம் மேலே ஏறியது. ஏறத்தாழ 26,000 அடியில் அந்த இடம் வெடித்து, ஓர் அடி நீளமும் அரை அடி அகலமுமான ஓட்டை விழுந்தது. உள்ளே காற்றழுத்தம் சட்டென்று போய், ஒட்சிசன் முகமூடிகள் தொங்கின. விமானிகள் வேகமாகக் கீழே இறக்கிச் சியாற்றிலுக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை. விசாரணை தொடங்கிய பிறகுதான் அந்த ஊழியர் வாய் திறந்தார். அவர் இடித்த உடனே சொல்லியிருந்தால் நடந்திருக்கக்கூடியது, உங்கள் அக்காவுக்கு நடந்ததுதான்: ஒரு நாள் தாமதம், ஒரு ஹோட்டல், கொஞ்சம் எரிச்சல்.

அதனால் இடித்தது தெரிந்தால் பொறியியலாளர் வந்து அளவெடுப்பார். நெளிவின் ஆழம், நீளம், அகலம், உள்ளே ஓடுகிற விலா எலும்புச் சட்டங்களில் இருந்தும் ஆணி வரிசைகளில் இருந்தும் எத்தனை தூரம். விமானம் செய்த நிறுவனம் கொடுத்த திருத்தக் கையேட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் எல்லை எழுதியிருக்கும். எல்லைக்குள் என்றால் பதிவேட்டில் குறித்துவிட்டுப் பறக்க விடலாம். ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது சிறு நெளிவுகளைக் கண்டால் பயப்படத் தேவையில்லை, அவை பெரும்பாலும் அளந்து எழுதப்பட்டவைதான். எல்லையைத் தாண்டினால் வெடிப்பு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும், நிறுவனத்திடம் கேட்க வேண்டும், ஒட்டுப்போட வேண்டும். மூக்குக்குக் கிட்ட வேகத்தையும் உயரத்தையும் அளக்கும் சின்னக் குழாய்களும் துளைகளும் இருக்கின்றன. அந்த இடத்தில் தோல் கொஞ்சம் அலையடித்தாலே அளவு பிழைக்கும் என்பதால் அங்கே எல்லை இன்னும் இறுக்கம். ஒரு திருத்தத்தை அவசரமாக, அரைகுறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வண்டி மோதாத ஒரு சம்பவம் சாட்சி: சைனா ஏர்லைன்ஸின் 747 ஒன்று 1980இல் ஹொங்கொங்கில் இறங்கும்போது வாலைத் தேய்த்தது. ஒட்டு ஒழுங்காகப் போடப்படவில்லை. 2002 மே 25 அன்று அதே இடத்தில் இருந்து உடைந்து, 225 பேரும் இறந்தார்கள். இருபத்திரண்டு வருடம் அது பறந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது வருகிற புது விமானங்களில் இன்னொரு சிக்கல். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டின் எடையிலும் பாதிக்கு மேல், அல்லது பாதிக்குக் கிட்ட, கார்பன் இழைக் கலவை. அலுமினியம் இடித்தால் நெளிந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் கலவை பின்வாங்கிப் பழைய நிலைக்கே வந்துவிடும். வெளியே ஒரு தடமும் இருக்காது, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், விலாச் சட்டம் வெடித்திருக்கலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வண்டியின் முன்னுக்கு இருக்கிற இறப்பர் பம்பர் போன்ற அகலமான, மெதுமையான பொருளால் அழுத்தியபோது, உள்ளே சட்டம் உடைந்தும் வெளித்தோலில் பார்க்கக்கூடிய அடையாளம் விழாமல் போவது தெரிந்தது. அதாவது விமானத்தைக் காப்பாற்ற என்று நாங்கள் வண்டிக்கு மாட்டிய இறப்பரே, காயத்தை மறைத்தும் விடுகிறது. இந்த ஒரு விஷயம் ராம்ப் வேலையின் அடிப்படையையே மாற்றிவிட்டது என்பேன். முன்பு இடித்தவர் சொல்லாவிட்டாலும் சுற்றிப் பார்க்கிற விமானியின் கண்ணில் பட வாய்ப்பு இருந்தது. இப்போது இடித்தவரின் வாய்தான் ஒரே அடையாளம்.

எவ்வளவு நடக்கிறது, எவ்வளவு செலவு என்பதற்கு ஐயாட்டா, அதாவது விமான நிறுவனங்களின் உலகச் சங்கம், 2022இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. தரையில் நடக்கும் சேதத்தின் வருடச் செலவு, ஒன்றும் செய்யாமல் விட்டால், 2035ஆம் ஆண்டளவில் இரட்டிப்பாகி ஆயிரம் கோடி அமெரிக்க டொலரை நெருங்கும் என்கிறது அது. பெரும்பாலான சேதம் விமானம் வந்து நின்ற பிறகு வண்டிகள் அதன் உடலில் இடிப்பதால் வருகிறது. பெல்ட் லோடர், சரக்கு லோடர், படிக்கட்டு, பயணிகள் பாலம் இந்த நான்கும் சேர்ந்து சம்பவங்களில் 40 வீதம். பெரிய விமானங்களில் சேத வீதம் சிறியவற்றைப்போல் பத்து மடங்கு, ஆனால் கடுமையான சேதம் சிறியவற்றில்தான் 30 வீதம் கூடுதலாக வருகிறது. அவர்கள் சொல்லும் வழி, கிட்டப் போகும்போது தூரத்தை உணர்ந்து தானாக வேகம் குறைத்து நிற்கும் வண்டிகள். அவற்றுக்கு மாறினால் செலவில் 42 வீதம் குறையலாம் என்று கணக்கு. நல்லதுதான். ஆனால் புது வண்டி வாங்குவது ராம்ப் ஒப்பந்த நிறுவனம், சேதத்தால் நட்டப்படுவது பெரும்பாலும் விமான நிறுவனம். குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர் எங்கே புது வண்டி வாங்கப் போகிறார்?

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு "விபத்து" என்று எதைச் சொல்கிறது தெரியுமா? பறக்கும் நோக்கத்தோடு முதல் ஆள் ஏறியதில் இருந்து கடைசி ஆள் இறங்கும் வரை நடப்பதைத்தான். ஆள் இல்லாமல் நின்ற விமானத்தை லொறி இடித்து இறக்கையைக் கிழித்தாலும் அந்த வரையறைக்குள் வராது. அது நிறுவனங்களுக்கு இடையிலான காப்புறுதி விஷயமாகவே முடிந்துபோகலாம்.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். இடிப்பதை முழுக்க நிறுத்த முடியாது. ஆனால் இடித்தவர் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தை நிறுத்தலாம். நான் வேலை செய்த ஒரு கம்பனியில், சேதம் பண்ணியவரின் சம்பளத்தில் வெட்டுவார்கள். பெரிய சேதம் என்றால் விசாவை ரத்துச் செய்து ஊருக்கு அனுப்புவார்கள். முகவருக்குக் கொடுத்த காசுக்கு நகையை அடகு வைத்துவிட்டு வந்த பெடியன், விடிகாலை மூன்று மணிக்கு, ஒருவரும் பார்க்காத நேரத்தில், பெல்ட் லோடரின் நுனி தட்டினதைத் தானாகப் போய்ச் சொல்வானா? சொல்ல மாட்டான். அங்கே வருடக் கடைசியில் பதாகையில் சேத எண்ணிக்கை குறைவாக இருக்கும், கேக் வெட்டுவார்கள். அதே விமானங்களின் காயங்களை அடுத்த நாட்டு நிலையத்தில் கண்டுபிடித்து எழுதுவார்கள்.

பிறகு சேர்ந்த இடத்தில் விதி வேறு. இடித்துவிட்டு உடனே சொன்னால் மறுபடி பயிற்சி, அவ்வளவுதான். மறைத்தது தெரிந்தால் வேலை போகும். வேண்டுமென்று விதியை மீறினவருக்கும் தண்டனை உண்டு, கைபேசி பார்த்துக்கொண்டு ஓட்டினவரை அவர்கள் மன்னித்ததில்லை. அங்கே அறிக்கைகள் கூடின. மேலிடத்தில் ஒருவர் "எண்ணிக்கை ஏறுகிறதே" என்று முகம் சுளித்ததும் நினைவிருக்கிறது. ஏறட்டும் என்று விட்ட மேலாளரை நான் பெரிதும் மதிக்கிறேன். விமானம் நிற்கிற எந்த இடத்தில் (அதை "பே" என்போம்), எந்த மணிக்கு, எந்த வகை வண்டி என்று தெரிந்த பிறகுதான், ஒரு குறிப்பிட்ட "பே"யின் தரைக்கோடு அழிந்திருப்பதும், சில பழைய ட்ராக்டர்களின் பிரேக் ஈரத்தில் பிடிக்காததும் வெளியே வந்தது.

அக்காவின் நட்டஈட்டுக்கு வருவோம். இதில் நல்ல செய்தி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி, ஒன்றிய நாட்டில் இருந்து புறப்படும் பயணத்துக்கு எந்த நாட்டு விமான நிறுவனமாக இருந்தாலும் பொருந்தும். பாரிஸில் இருந்து கொழும்பு வரை ஒரே பதிவில் எடுத்த ரிக்கற் என்றால், தாமதம் நடுவில் வளைகுடாவில் நடந்தாலும் அதை ஒரே பயணமாகவே பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால் ஆளுக்கு 600 யூரோ. பிள்ளைகளுக்கும் தனித்தனியாக.

நிறுவனம் வழக்கமாக "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத அசாதாரணச் சூழ்நிலை" என்று பதில் எழுதும். இதற்கு நேரான தீர்ப்பு இருக்கிறது: 2014 நவம்பர் 14, வழக்கு இலக்கம் சி 394/14, கொண்டோர் நிறுவனத்துக்கு எதிரானது. அந்தாலியாவில் இருந்து பிராங்க்பேர்ட் போன பயணம், முதல் நாள் இரவு ஸ்ருட்கார்ட்டில் படிக்கட்டு வண்டி ஒன்று விமானத்தில் மோதியதால் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் தாமதமானது. படிக்கட்டு வண்டி விமானத்தோடு சேர்ந்தே வேலை செய்கிற பொருள், அது மோதுவது விமான நிறுவனத்தின் வழக்கமான வேலைக்குள் அடங்கும், அசாதாரணம் அல்ல, ஆகவே நட்டஈடு கொடு என்றது நீதிமன்றம். அக்காவின் விமானத்தில் இடித்தது சாமான் வண்டி என்றாலும் அதே வாதத்தை வைக்கலாம். விமானம் மாறியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், போர்டிங் அட்டையை எறிய வேண்டாம். பிரான்சில் இதற்கு ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு. ஹோட்டலும் சாப்பாடும் தந்தது இந்தக் காசில் கழியாது. ஒன்று மட்டும்: திரும்பிப் போகிற பயணம் தனிக் கணக்கு. கொழும்பில் இருந்து வளைகுடா நிறுவனத்தில் பாரிஸ் போகும்போது இதே விஷயம் நடந்தால் இந்த ஒழுங்குவிதி கைகொடுக்காது.

மச்சானுக்கு. வீதி லைசன்ஸ் இருந்தால் மட்டும் ராம்பில் ஓட்ட முடியாது. விமானத்தளத்துக்குள் ஓட்டத் தனி அனுமதி, அதற்கு எழுத்துச் சோதனையும் ஓட்டிக் காட்டுவதும் இருக்கும். பிறகு ஒவ்வொரு வகை வண்டிக்கும் தனிப் பயிற்சி. ட்ராக்டர் ஓட்டப் பழகியவர் ஹைலோடரைத் தொடக் கூடாது, மேற்பார்வையாளர் "ஒருக்கா எடு தம்பி" என்று கேட்டாலும். விமானத்தின் அடியிலும் முதுகிலும் மின்னுகிற சிவப்பு விளக்கு அணையும் வரை கிட்டப் போக வேண்டாம். அது மின்னினால் எஞ்சின் ஓடுகிறது, அல்லது ஓடப் போகிறது. 2022 டிசம்பர் 31 அன்று அலபாமாவின் மொன்ற்கொமரியில், தரையில் நிற்கும்போது மின்சாரம் தருகிற துணை எஞ்சின் பழுதென்பதால் ஒரு பெரிய எஞ்சினை ஓடவிட்டு நின்ற விமானத்துக்குக் கிட்டப் போன ராம்ப் ஊழியர் ஒருவர் அதற்குள் இழுபட்டு இறந்தார். விமானத்தை நெருங்கும் முன் பாதுகாப்பு எல்லைக் கோட்டுக்கு வெளியே ஒருமுறை முழுதாக நிறுத்திப் பிரேக்கைச் சோதிக்க வேண்டும். எல்லோரும் படிப்பார்கள், வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலத்தில் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். ஈரத் தரையில் சப்பாத்து அடி வழுக்கிப் பிரேக்குக்குப் பதிலாக அக்சிலரேற்றரில் விழுவது உண்மையாகவே நடக்கிற விஷயம். நல்ல சப்பாத்து வாங்கிக்கொண்டு போகட்டும், கம்பனி தருவதை நம்பாமல்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன், சேதத்துக்குச் சம்பளம் வெட்டுவார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே அங்கே வேலை செய்கிற நம்ம ஆள் ஒருவரைப் பிடித்துத் தனியாகக் கேட்பது இன்னும் நல்லது, கிளிநொச்சியில் தேடினால் ஒருவராவது கிடைப்பார். முகவருக்குக் காசு கொடுக்கும் முன் அவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, இந்த வேலை பணியகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் அரபியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். கொண்டுவந்தால் ஆங்கிலப் பக்கத்தை நான் வாசித்துச் சொல்கிறேன்.